நான்கு தவறிய அழைப்புகள்

சென்ற வருட நோன்பில்தான் எனது கைத்தொலைபேசி ஊமையானது. தராவீஹ் தொழுகையில், எல்லோரும் ருகூஉவுக்குக் குனிந்த நேரம் பார்த்து, பெண்கள் பகுதியின் பின்வரிசையிலிருந்து ஒரு சினிமாப் பாட்டு எழுந்தது. அது எனது பைக்குள்ளிருந்துதான். தொழுகை முடிந்ததும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒலிப் பொத்தானை அழுத்தி, திரையில் தோன்றிய மணிச் சின்னத்தைத் தட்டி, சைலண்டில் போட்டேன்.

பெருநாளும் வந்து போனது. ஒலியைத் திறக்க மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். திறக்க விருப்பமில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த அமைதி மிகவும் வசதியாக இருந்தது. யார் அழைத்தாலும் எனக்கு நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம். தோழியர் கோபித்தால், "சைலண்டில கிடந்திச்சி" என்றால் போதும். அதற்குமேல் எவரும் கேள்வி கேட்பதில்லை.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி உம்மம்மாவின் வீடு. அவருக்கு நீண்டகாலமாகச் சீனி வருத்தம். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத அவரிடம் ஒரு பட்டன் போன் இருக்கிறது. அதில் இரண்டாம் இலக்கத்தை அழுத்திப் பிடித்தால் எனக்கு அழைப்பு வரும். அப்படி அமைத்துக் கொடுத்தவளும் நான்தான். "ஒண்டுக்கும் பயப்படாதீங்க உம்மம்மா, ரெண்ட அமத்தினா நான் வருவன்" என்று பெருமையாகச் சொல்லியும் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தில் ஒரு கலியாணம். உம்மா, மாமி எல்லோரும் போய்விட்டார்கள். படிக்க இருப்பதாகச் சொல்லி நான் நின்றுகொண்டேன். போகும்போது உம்மா சோற்றைக் கட்டி மேசையில் வைத்து, "பன்னிரண்டரைக்கு உம்மம்மாக்குக் குடுத்திட்டு வா" என்றார்.

நான் பொருளியல் கடந்தகால வினாத்தாளில் மூழ்கியிருந்தேன். மேசையில் போன் கவிழ்ந்து கிடந்தது. மணி பார்ப்பதற்காக அதைத் திருப்பியபோது 1.40. திரையில் உம்மம்மாவின் நான்கு தவறிய அழைப்புகள்: 12.50, 12.58, 1.10, 1.26. பக்கத்தில் சோற்றுப் பொதி ஆறிப்போய் இருந்தது.

ஓடினேன். உம்மம்மா சுவரில் சாய்ந்து இருந்தார். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சாச்சி வெற்றுக் கோப்பையோடு நின்றார். வழக்கம்போல் நான் சோறு கொண்டுவருவேன் என்று நம்பி, உம்மம்மா நேரத்துக்கு இன்சுலின் போட்டிருக்கிறார். சாப்பாடு வரவில்லை, உடம்பில் சீனி இறங்கிவிட்டது. கை நடுங்கத் தொடங்கியபின்னும் இரண்டை அமர்த்தியிருக்கிறார். ஏதோ எடுக்க வந்த சாச்சிதான் கண்டு, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், அவர் வந்தார்.

"ஏன் உம்மம்மா திரும்பத் திரும்ப எடுக்கல்ல?" என்று அழுதுகொண்டே கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி. அவர் எனது தலையைத் தடவினார்.

"நாலு தரம் எடுத்தன் புள்ள. பிறகு, நீ படிச்சிக்கிட்டிருப்பாய், கரச்சல் குடுக்கப்படா எண்டு விட்டுட்டன்."

உம்மா ஏசியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன். இந்தச் சொல்லைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றிரவே சைலண்டை எடுத்துவிட்டேன். செட்டிங்ஸைத் தேடிப் படித்தேன். போனை முற்றாக ஊமையாக்காமல், 'தொந்தரவு செய்யாதே' என்ற முறையில் வைக்கலாம். நாம் தெரிவுசெய்யும் சிலரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும். ஒரே ஆள் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் தரம் அழைத்தால் அதையும் ஒலிக்கவிடும் வசதி எனது போனில் இருந்தது. அன்று அப்படி வைத்திருந்தால் 12.58க்கே மணி கேட்டிருக்கும். இத்தனை மாதம் அது எனது கைக்குள்தான் இருந்தது.

பள்ளியில் போனை ஊமையாக்குவது தொழுகைக்குச் செய்யும் மரியாதை. அதில் மாற்றமில்லை. ஆனால், ஸலாம் கொடுத்து எழுந்த பின்னும் நான் அதைத் தொடர்ந்தது எனக்காக மட்டுமே. என்னை எவரும் தேடி வரக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு, அதற்குப் படிப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

மறுநாள் ஸுபஹ் தொழுதுவிட்டு முஸல்லாவை மடிக்கும்போது போன் ஒலித்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"என்ன உம்மம்மா? என்ன செய்யுது?"

"ஒண்டுமில்ல புள்ள. சத்தம் வருதா எண்டு பாத்தன்."