கைக்கு ஒரு சான்று

நகத்துக்குத் தமிழில் 'உகிர்' என்றொரு பழம்பெயர் உண்டு. சங்கப் பாடல்களில் புலிக்கும் பருந்துக்கும் மட்டுமன்றி மனிதருக்கும் உகிர் இருந்தது. இன்று அச்சொல் வகுப்பறையோடு நின்றுவிட்டது. 'நகம்' நிலைபெற்று, நகக்கண், நகச்சுற்று, நகவெட்டி எனத் தன்னைச் சுற்றி ஒரு சொற்குடும்பத்தையே வளர்த்துக்கொண்டுள்ளது. உறவின் நெருக்கத்தைச் சொல்ல 'நகமும் சதையும் போல' என்கிறோம். உரிய காலத்தில் செய்யாமல் விட்ட சிறுவேலை பெருவேலையாகும்போது, நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டுவதாகச் சொல்கிறோம். இவ்வளவு இருந்தும், நகத்தைத் திருத்தி வண்ணம் பூசுவதற்கு அரசாங்கத்தின் உரிமம் வேண்டும் என்பதும், அவ்வுரிமத்தைக் காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும் என்பதும் தமிழ் வாசகர் பலருக்குப் புதிய செய்தியாகவே இருக்கும். நமக்கும் அது ஒரு பழைய மாணவியின் மின்னஞ்சல் வழியாகத்தான் தெரியவந்தது.

அம்மாணவி வெம்பாக்கத்துக்காரர். ஆரணிப் பட்டும் காஞ்சிப் பட்டும் பேர்பெற்ற நிலப்பகுதியில், திருவண்ணாமலை மாவட்டத்தின் வடக்கு ஓரமாக அமைந்த ஊர் அது. தாயும் தந்தையும் பட்டு நெய்தவர்கள். திருமணத்துக்குப் பின் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்குச் சென்ற மாணவி, சில ஆண்டுகள் கழித்து அங்கேயே முறையாகப் பயின்று ஓர் அழகு நிலையத்தில் நகத் தொழிலராகச் சேர்ந்தார். தமிழ் இலக்கியம் பயின்றவர் நகம் திருத்துகிறாரே என்று வருந்திய உறவினர்களும் உண்டு. நமக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. கையால் நேர்த்தியாகச் செய்யப்படும் எந்த வேலையும் அந்தக் குடும்பத்துக்கு அந்நியமானதன்று.

அவர் எழுதியதன் சாரம் இது: "ஐயா, என் உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் நெருங்குவதாக அறிவிப்பு வந்தது. இணையத்திலேயே முடித்துவிட்டேன். அப்போதுதான் அம்மாவின் நல வாரிய அட்டை நினைவுக்கு வந்தது. அதற்கும் ஐந்தாண்டு முடியப் போகிறது. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. தாங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

ஒரே குடும்பத்தில் இரண்டு அட்டைகள். மகளுடையது டெக்சஸ் அரசு தருவது, தாயினுடையது தமிழ்நாட்டில் பெற்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, கைத்தொழிலரிடம் அரசு கேட்கும் கேள்விகள் எவ்வளவு வேறுபட்டவை என்பது புலப்பட்டது.

அமெரிக்காவில் நகத் தொழிலுக்கு உரிமம் வழங்குவது நடுவண் அரசன்று, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. டெக்சஸில் 600 மணிநேரம் பயின்று தேர்வுகளில் தேற வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை, சில மணிநேரத் தொடர்கல்வியை முடித்து, கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். காலாவதியான உரிமத்தோடு வாடிக்கையாளரின் விரலைத் தொடுவது குற்றம். நெடுங்காலம் இத்தகைய உரிமம் கேட்காதிருந்த கனெக்டிகட் மாநிலமும் 2019இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது.

இத்தொழிலின் வரலாற்றில் புலம்பெயர்ந்த பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1975இல் சைகோன் வீழ்ந்தபின் அகதிகளாக வந்த வியட்நாமியப் பெண்கள் சிலர், கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ நகருக்கு அருகே ஒரு முகாமில் தங்கியிருந்தனர். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன் அங்கே சென்றபோது, அவருடைய அழகிய நகங்கள் அப்பெண்களின் கண்ணில் பட்டன. தம்முடைய நகத் தொழிலரையே அழைத்துவந்து இருபது பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார் ஹெட்ரன். அவர்கள் பயின்று உரிமம் பெற்றனர். பின்னாளில் அந்நாட்டு நகத் தொழிலின் பெரும்பகுதி வியட்நாமியர் கைக்கு வந்தது. வேற்று நாட்டில் மொழி தெரியாமல் நின்றவர்களுக்கு அந்தச் சிறிய தாள் ஒரு வாழ்வையே அமைத்துக்கொடுத்தது எனலாம்.

அதே தாள் தடையாவதும் உண்டு. டெக்சஸில் நூலால் புருவம் திருத்தும் தொழிலைச் செய்துவந்தோரிடம், முக அழகுக்கலைக்கான 750 மணிநேரப் பயிற்சியும் உரிமமும் வேண்டும் என்று அரசு வற்புறுத்தியது. நம் நாட்டுப் பெண்கள் ஒரு நூற்கண்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு செய்யும் வேலை இது. படேல் வழக்கு என அறியப்படும் வழக்கில், 2015 ஜூன் மாதம் அம்மாநில உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் அந்த நிபந்தனை செல்லாது என்றது. அந்த 750 மணிநேரத்தில் ஏறத்தாழ 320 மணிநேரப் பாடங்கள் அத்தொழிலுக்குத் தொடர்பே இல்லாதவை என்பது தீர்ப்பின் முக்கியமான காரணங்களுள் ஒன்று.

அதே 2015இல் நியூயார்க்கில் நிலைமை வேறாக இருந்தது. நகக் கடைகளில் பெண்கள் அற்பக் கூலிக்கு, இரசாயன நெடியில் உழல்வதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் மே மாதம் விரிவாக வெளியிட்டது. ஜூலையில் மாநில அரசு புதிய சட்டம் கொண்டுவந்தது. உரிமம் இல்லாத காரணத்தால் சுரண்டப்பட்டவர்கள், பயிற்சியாளராகப் பதிவுசெய்துகொண்டு வேலை செய்தபடியே கற்க வழி பிறந்தது. ஆக, ஓரிடத்தில் தாள் மிகுதியாகி வாட்டியது, மற்றோரிடத்தில் தாள் இல்லாமை வாட்டியது. உரிமம் நல்லதா தீயதா என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்புரைக்க இயலாது. அது யாருடைய விரலைக் காக்கிறது என்பதையே கேட்க வேண்டும். நீட்டப்பட்ட விரலை மட்டும் காக்கிறதா, அதைப் பற்றியிருக்கும் விரலையும் காக்கிறதா?

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் நகம் திருத்துவோருக்கோ நெசவாளருக்கோ இத்தகைய தனிநபர் உரிமம் இல்லை. கடை வைத்தால் உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம் உண்டு. அது கடைக்குத்தான், கைக்கு இல்லை. அதற்கு மாறாக வேறொன்று இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் அடிப்படையில், அமைப்புசாராத் தொழில்களுக்கென நல வாரியங்கள் ஏற்பட்டன. முடிதிருத்துவோருக்கு ஒன்று, சலவைத் தொழிலாளருக்கு ஒன்று, தையலருக்கு ஒன்று, கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவாளருக்கு ஒன்று என அப்பட்டியல் நீள்கிறது. பதினெட்டு முதல் அறுபது வயதுக்குட்பட்டோர் பதிவுசெய்யலாம். பிள்ளைகளின் கல்விக்கும் திருமணத்துக்கும் மகப்பேற்றுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் உதவி உண்டு. இறந்தால் குடும்பத்துக்கு நிதி, அறுபது நிறைந்தால் ஓய்வூதியம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

மகளிடம் அரசு கேட்பது, 'உனக்கு இவ்வேலை தெரியுமா?' என்பதாகும். தாயிடம் கேட்பதோ, 'நீ இவ்வேலையை இன்னும் செய்கிறாயா?' என்பது. மகளின் தாள் காலாவதியானால் மறுநாளே வேலை நிற்கும். ஆகவே அவர் மறக்க மாட்டார். தாயின் அட்டை காலாவதியானால் ஒன்றும் நேராது. நாடா வழக்கம்போல் ஓடும். கை ஓயும் நாளில், அல்லது வீட்டில் ஒரு சாவு விழும் நாளில்தான் அந்த அட்டையைத் தேடுவார்கள். நினைவூட்ட எதுவுமில்லாத தாளைப் புதுப்பிப்பதுதான் கடினமானது.

வெம்பாக்கத்தில் அவ்வம்மையாரைப் பார்த்தபோது புதுப்பிக்க இரண்டு மாத அவகாசம் இருந்தது. பதிவும் புதுப்பித்தலும் 2020 முதல் இணையவழியே நடைபெறுகின்றன. அதற்குக் கடவுச்சொல் கைப்பேசிக்கு வரும். ஆதாரில் பதிந்திருந்த எண்ணோ மகளுடைய பழைய எண். அவர் அமெரிக்கா சென்றபின் அது செயலிழந்து யாரோ ஒருவருடையதாகியிருந்தது. எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்குச் சென்றோம். கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். பதியவில்லை. துடைத்துவிட்டு வைத்தும் பதியவில்லை. ஒவ்வொரு விரலாக மாற்றி வைத்தும் பயனில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பட்டிழையும் ஜரிகையும் ஓடித் தேய்த்த விரல்கள் அவை.

"இத்தன வருசமா நெய்யற கை சார். மெசினு தெரியலன்னுதே" என்று சிரித்தார் அம்மையார். அந்தச் சிரிப்பு நமக்கு உவப்பாக இல்லை. நெசவாளி என்பதற்கான மிகப் பெரிய சான்றே, அவர் யார் என்பதற்குச் சான்றாகாமல் போனது. நல்லவேளையாக ஆதாரில் பத்து விரல் ரேகைகளோடு இரு கண்களின் கருவிழிப் பதிவும் உண்டு. கண் அவரை அடையாளம் காட்டியது. எண் மாறியது.

அடுத்தது கிராம நிர்வாக அலுவலரின் சான்று. இவர் இத்தொழிலைத்தான் செய்துவருகிறார் என்று அவர் உறுதி கூற வேண்டும். அலுவலர் பண்பாளர், தாமே வீட்டுக்கு வந்து பார்த்தார். குழித்தறி வெறுமையாக இருந்தது. பட்டும் ஜரிகையும் விலையேறிவிட்டதால், பாவு கொடுத்து நெய்விப்பவர் மூன்று மாதமாகக் கொடுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் பல தறிகள் கழற்றப்பட்டுவிட்டன. இளம்பெண்கள் விடியலில் பேருந்தேறிச் செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். "தறி ஓடலையேம்மா" என்றார் அலுவலர். தவறான கேள்வியன்று. ஆனால், பாவு இல்லாத தறியின் முன் நிற்பவர் நெசவாளியா இல்லையா என்பதற்கு எந்த விண்ணப்பப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அம்மையார் வாதாடவில்லை. "வாங்க சார்" என்று இரண்டு வீடு தள்ளி அழைத்துப்போனார். அங்கே ஒரு தறியில் பழைய பாவு முடியும் தறுவாயில் இருந்தது. காலை முதல் பாதி பிணைத்துவைத்த வேலை அவருடையது. தறியின் முன் அமர்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பாவு பிணைத்தல் என்பது, பழைய பாவின் நுனி இழையோடு புதிய பாவின் இழையைத் திரித்து ஒட்டுவது. ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாக. பழைய பாவு அச்சிலிருந்து முற்றிலும் உருவி வெளிவந்துவிட்டால், எல்லா இழைகளையும் விழுதிலும் அச்சிலும் முதலிலிருந்து கோக்க வேண்டும். அதற்கு முன்னரே பிணைத்துவிட்டால் புதுப்பாவு பழையதன் வழியே தானாக வந்து சேரும். அலுவலர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையெழுத்திட்டார். சில வாரங்களில் புதுப்பித்த அட்டை கிடைத்தது.

புதுப்பித்தலின் இலக்கணமே அந்தத் தறியில்தான் இருந்தது என்று நமக்குப் பட்டது. பழையது அறுந்து போகுமுன் பிணைக்க வேண்டும். டெக்சஸ் அரசுக்கு அது தெரிந்திருக்கிறது, நாள் நெருங்கும் முன்னரே எச்சரிக்கிறது. நம் வாரியங்களில் பதிந்தோருக்கும், அட்டை முடிய மூன்று மாதம் இருக்கையில் தமிழில் ஒரு குறுஞ்செய்தி உறுதியாக வந்து சேருமானால், அதுவே பெரும் நலத்திட்டம். எண் மாறியோருக்கும் எண்ணே இல்லாதோருக்கும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பட்டியல் ஒட்டினால் போதும். இதற்குப் புதுச்சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

2019-20இல் நடைபெற்ற நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் நெசவாளரும் துணைத்தொழில் செய்வோருமாக ஏறத்தாழ 35 லட்சம் பேர் உள்ளனர். நெசவாளரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய பெட்டிகளில் இத்தகைய அட்டைகள் எத்தனையோ கிடக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் செய்யக்கூடியது சிறிது. நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடம் இவ்வாண்டு மரக்கன்றோடு இன்னொரு வேலையும் ஒப்படைத்துள்ளோம். தெருத் தெருவாகச் சென்று அட்டைகளின் கடைசி நாளைப் பார்த்துக் குறித்துவர வேண்டும். முதல் தெருவிலேயே காலாவதியான அட்டைகள் பதினொன்று. அவற்றில் இரண்டுக்கு உரியவர்கள் உயிரோடில்லை.

மகளின் 600 மணிநேரப் பயிற்சியைப் பற்றிச் சொன்னபோது அம்மையார் வியப்போடு கேட்டார்: "நகம் பூசவே அறுநூறு மணி நேரமா? நான் பத்து வயசுல தறிக்குழியில எறங்கனவ சார். என் மணிநேரத்த யாரு எழுதி வெச்சாங்க?"

யாரும் எழுதி வைக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு தேதியையாவது எழுதி வைப்போம். இதைப் படிக்கும் நண்பர்கள், தங்கள் வீட்டிலோ தெருவிலோ கையால் உழைக்கும் ஒருவரின் அட்டையை இன்றே வாங்கி, அதன் கடைசி நாளைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.