‘கொஞ்சமா சாப்பிடு, ஒண்ணும் ஆகாது!’ - மொட்டை மாடி கிரில்லும் ஓர் இறால் அலர்ஜியும்

‘‘இன்னைக்கு வெள்ளிக்கிழமை, கவிச்சி சாப்பிட மாட்டேன்னு சொல்லிப் பாரு. கரண்டியைக்கூட மாத்திப் பரிமாறுவாங்க. இறால் அலர்ஜின்னு சொல்லிப் பாரு. ‘சும்மா ஒண்ணு சாப்பிடு, ஒண்ணும் ஆகாது’ம்பாங்க!’’

சொன்னவள் நாகப்பட்டினத்துப் பெண். சென்னையில் ஐ.டி வேலை, வயது 28. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கல்லூரி நண்பர்கள் நான்கு பேர். இடம், மேடவாக்கத்தில் அவர்களில் ஒருவனின் வாடகை வீட்டு மொட்டை மாடி. புதிதாக வாங்கிய கரி அடுப்பு, தயிரும் மிளகாய்த்தூளும் போட்டு ஊறவைத்த சிக்கன், பனீர், கூடவே அரை கிலோ இறால். கடல் உணவு சாப்பிடப் போகும்போதெல்லாம் ஏதோ ஒரு விரதத்தைச் சொல்லித் தப்பித்து வந்தவள் அவள். அன்று ஞாயிற்றுக்கிழமை. ‘எனக்கு லெக் பீஸ்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் விரதக் கதை எடுபடவில்லை.

‘‘காலேஜ்ல எங்களுக்கே டப்பா நிறைய இறால் தொக்கு கொண்டுவந்தவ நீ. உனக்கா அலர்ஜி?’’ என்று தோழி கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால், இறால், நண்டு அலர்ஜி பெரியவர்களான பிறகும் புதிதாக வரக்கூடியது. இவளுக்கு 24 வயதில் வந்தது. முதல் முறை உடம்பெல்லாம் தடிப்பு. அடுத்த முறை உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் ஓர் இரவு. இறாலில் இருக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதம்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழிவதில்லை. ‘நல்லா வெந்துடுச்சு, பயப்படாதே’ என்ற ஆறுதலுக்கு இங்கே வேலையே இல்லை.

‘‘எனக்கும்தான் பால் அலர்ஜி’’ என்றான் ஒருவன். பால் குடித்தால் அவனுக்கு வயிறு உப்பும். அது பெரும்பாலும் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காததால் வருவது. சங்கடம்தான், உயிருக்கு ஆபத்தில்லை. அலர்ஜி என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தி ஒரு புரதத்தை எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போவது. இரண்டையும் நம்மூரில் ‘ஒத்துக்காது’ என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கத்திரிக்காயையும் கருவாட்டையும் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒதுக்கிவைத்த பாட்டிகள், இந்த விஷயத்தில் பேரன்களைவிடக் கவனமாகவே இருந்திருக்கிறார்கள்.

கரி கனிந்து மேலே சாம்பல் பூத்ததும் வீட்டுக்காரன் ஒரு யோசனை சொன்னான். ‘‘இறாலை ஓரமா வெச்சுச் சுடறேன். நீ சிக்கனை மட்டும் எடுத்துக்கோ.’’

நல்ல மனசு, தப்பான யோசனை. சுடுபவர் கையில் இருப்பது ஒரே இடுக்கி. எண்ணெய் தடவும் பிரஷ் இறாலைத் தொட்டுவிட்டு சிக்கனுக்கு வரும். கம்பி வலையில் ஒட்டியிருக்கும் மசாலா அடுத்த துண்டில் ஏறும். இவ்வளவு ஏன், இறால் வேகும்போது எழும் ஆவியே சிலருக்கு மூச்சுத்திணறலைக் கொண்டுவந்துவிடும். அவள் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

‘‘அப்போ விரதம்னு சொன்னப்போ எங்ககூட வந்து வெஜ் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டியே? அதுவும் அதே சட்டிதானே?’’

‘‘ஆமா. ஒவ்வொரு வாயும் பயந்துக்கிட்டேதான் சாப்பிட்டேன். தெரியாம விரதம் முறிஞ்சா சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம். இதுக்கு யார்கிட்ட போய்க் கேக்கறது?’’

இறால் டப்பா மூடியோடு ஃபிரிட்ஜுக்குத் திரும்பியது. வீட்டுக்காரன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தான். கம்பி வலை புதுசு என்பது அன்றைய அதிர்ஷ்டம். பேச்சு சிக்கன் மசாலாவில் கஸூரி மேத்தி போடலாமா வேண்டாமா என்ற பெரிய சண்டைக்குப் போய்விட்டது. அதற்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

வெளியே சாப்பிடும்போதுதான் சிக்கல் அதிகம். தாய் கறி பேஸ்ட்டில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். மீனும் இறாலும் சிக்கனும் ஒரே எண்ணெயில் பொரியும் கடைகள் ஏராளம். பாக்கெட் உணவு என்றால் லேபிளில் பார்த்துவிடலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 2020-ம் ஆண்டு விதிகளின்படி, இறால், நண்டு வகைகள், மீன், முட்டை, பால், வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் ஆகியவை இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். 10 இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் உணவகங்களும் அலர்ஜி விவரம் தர வேண்டும் என்கின்றன அதே விதிகள். தெருமுனைக் கடையில் நம் வாய்தான் லேபிள்.

அன்று அவள் நண்பர்களுக்கு இன்னொன்றையும் சொல்லிவைத்தாள். மூச்சு வாங்கினால், குரல் கம்மினால், தலைசுற்றினால், அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் முதல் மருந்து, தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். வெளிநாடுகளில் பேனா மாதிரி கையிலேயே வைத்திருக்கிறார்கள். நம்மூர் மருந்துக் கடைகளில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் உடனே 108. நடக்கவைக்காமல் படுக்கவைத்து, காலைச் சற்றே உயர்த்த வேண்டும். மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்காரவைக்கலாம். நான்கு பேரும் போனில் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து வேளச்சேரியில் ஒரு ஹோட்டல். இந்த முறை விரதம் இல்லை. ‘‘அண்ணா, எனக்கு இறால் அலர்ஜி. பட்டாலே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சிக்கன் ரைஸ் அதே சட்டியிலயா போடுவீங்க?’’

பரிமாறுபவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். ‘‘ஒரே சட்டிதாம்மா. கழுவித்தான் போடுவாங்க, ஆனா நான் உறுதியா சொல்ல மாட்டேன். தோசைக்கல் தனி. அதுல வேற எதுவும் போடறதில்லை. சட்னி, சாம்பாரும் தனியா வெஜ் கிச்சன்லதான் செய்றாங்க.’’

ஐந்து பேரும் தோசையே சொன்னார்கள். டிப்ஸ் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டு வந்தார்கள்.