இழுப்பதும் அடக்குவதும்

இழுப்பது எளிது, இழுத்ததை அடக்குவதே அரிது. இவ்வுண்மையை நாம் ஏட்டிற் கற்கவில்லை. ஓமான் நாட்டு நெடுஞ்சாலையொன்றிற் கற்றோம்.

அங்கு ஓட்டுநராயிருந்த நாளில், உரிமையாளரின் லேண்ட் குரூசர் ஊர்தியின் பின்னே டிரெய்லரில் படகேற்றி, மைத்துனருடன் புறப்பட்டோம். மொத்த எடை வரம்புக்குள் இருந்தமையால், எரிபொருள் கலன்களைப் படகின் பின்புறத்தே அடுக்கினோம். அதுவே பிழையாயிற்று. இறக்கத்தில் வேகம் கூடியதும் டிரெய்லர் பாம்பென நெளிந்து, ஊர்தியையும் அலைக்கழித்தது. எதிரே ஒரு பேருந்து! பிரேக்கை மிதிக்கக் கால் துடித்தது.

"மிதிக்காதீர்கள் மச்சான்! ஸ்டியரிங்கை நேரே பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள்" என்றார் மைத்துனர். வேகம் தணிந்தது, ஆட்டமும் அடங்கியது. இறையருளால் உயிர் பிழைத்தோம்.

டிரெய்லர் எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு இணைப்புக் கொக்கியின்மீது அழுந்தவேண்டும். பாரம் அச்சுக்குப் பின்னே மிகுந்தால் வால் ஆடும் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

2016ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில், டிஸ்கவரி ஸ்போர்ட் என்னும் சொகுசு ஊர்தி, 108 டன் எடையுள்ள தொடர்வண்டிப் பெட்டிகளை இழுத்துக் காட்டியது. சாலையில் அதற்குரிய வரம்போ 2.5 டன்னே! தண்டவாளம் பாரத்தை நெறிப்படுத்தும். சாலையில் அப்பொறுப்பு ஓட்டுபவனுடையது.

இன்று புறப்படுமுன், பாரம் எவ்வளவு என்பதோடு, அஃது எங்கே அமர்ந்துள்ளது என்பதையும் இறங்கிச் சென்று பார்க்கிறோம்.