சிறு பூனையும் பெரு வேட்டையும்

ஆபிரிக்க வேட்டை என்றதும் சிங்கமும் யானையுமே பலரது மனக்கண்முன் தோன்றும். ஆயினும் தென்னாபிரிக்காவிலும் நமீபியாவிலும் பணஞ் செலுத்தி வேட்டையாட வருவோரின் இலக்குகளுள் கரகல் எனும் காட்டுப்பூனையும் ஒன்றாகும். 'கருஞ்செவி' எனப் பொருள்படும் துருக்கிச் சொல்லின் வழிவந்தது அதன் பெயர். எடை பெரும்பாலும் 20 கிலோகிராமிற்குக் குறைவு. எழும்பிப் பறக்கும் பறவையைத் தாவிப் பிடிக்கவல்ல அவ்விலங்கு மனிதர் கண்ணில் எளிதிற் படுவதில்லை. எனவே இரவில் ஒளி பாய்ச்சியும் வேட்டைநாய்களை ஏவியும் அதனைத் தேடுகின்றனர். நாய்கள் துரத்த மரமேறி ஒடுங்கிய பூனையைச் சுடுவதில் வீரம் எங்குளது?

கரூ நிலத்து ஆட்டுப்பண்ணையாளரின் துயர் பொய்யன்று; கரகல் ஆட்டுக்குட்டிகளைக் கொல்வதுண்டு. பட்டியைக் காப்பவனின் துப்பாக்கிக்கு ஒரு நியாயம் உண்டு. சுவரில் மாட்டும் தோலுக்காகக் கடல் கடந்து வருபவனுக்கு அந்நியாயம் பொருந்துமா?

இவ்வேட்டைக்கு இலக்காகும் மற்றொன்று ஆபிரிக்கக் காட்டுப்பூனை. அவ்வினத்தின் மேற்காசியக் கிளையிலிருந்தே வீட்டுப்பூனை தோன்றிற்று என்பதை 2007இல் வெளியான மரபணு ஆய்வொன்று புலப்படுத்திற்று. அடுப்படியில் உறங்கும் பூனையை வருடிய கை, அதன் உறவினத்தை நோக்கித் துப்பாக்கியை நீட்டுமுன் ஒரு கணமேனும் தயங்குதல் தகும்.