கத்தாம ஜெயிக்க முடியுமா?

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் பாம்பன் பக்கம் மணல்ல ஒரே பந்தாட்டம்தான். இந்த வருஷம் பயிற்சி கொடுங்கண்ணேன்னு தெருப் பசங்கள என் தலையில கட்டிட்டாய்ங்க.

எனக்குத் தெரிஞ்சது எங்க பள்ளிக்கூட வாத்தியார் வழி: தப்பா பாஸ் பண்ணா திட்டு, மறுபடி பண்ணா வெளிய. அப்படி வெளிய போய் பந்தையே தொடாம விட்டவன் நான். ஆனாலும் அதையேதான் செஞ்சேன். முத வாரத்துலயே கோல்கீப்பர் பய வர்றத நிறுத்திட்டான்.

அப்பத்தான் சென்னையின் எஃப்சி ஞாபகம் வந்துச்சு. ஜான் கிரிகரி லேசுப்பட்டவர் இல்லைங்க. 2018ல பெங்களூருல வச்சே பெங்களூரை 3-2ன்னு கவுத்து கோப்பை வாங்குனவர். முதல்ல கோட்டையக் கட்டு, அப்புறம் கார்னர்ல தலையால முட்டு (அந்த ஃபைனல்ல மெயில்சன் ஆல்வஸ் முட்டுனது ரெண்டு!). அதே மனுசன் 2019-20 சீசன்ல ஆறு மேட்ச்ல ஒண்ணுதான் ஜெயிச்சார், விலகிட்டார். டிசம்பர்ல ஓவன் கொய்ல் வந்தார். பெரும்பாலும் அதே ஆளுங்கதான். ஏறி ஆடுங்கடான்னு அவுத்து விட்டார். அந்த சீசன் முழுக்க சேர்த்து வால்ஸ்கிஸ் மட்டும் 15 கோல். செமிஃபைனல்ல கோவாவை ரெண்டு மேட்ச் சேர்த்து 6-5. கொரோனாவால ஆளில்லாத மைதானத்துல ஃபைனல் தோத்தாங்க, அது வேற கதை.

நேத்து சாயங்காலம் கீப்பர் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னாடி நின்னான். "மன்னிச்சுக்கடா"ன்னேன்.

"நாளைக்கு எத்தன மணிக்குண்ணே?"ன்னான்.