நட் எத்தனை சுற்று ஏறுகிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. காரின் முன் சில்லுக்கு ஸ்பேஸர் போட நினைக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளும் அவர்களுடைய வாப்பாமாரும் கடைசிவரை வாசித்தால் நல்லது.

எங்கள் மருமகன் ஹொண்டா சீ.ஆர்.இசட் ஒன்று எடுத்தது பலருக்குத் தெரியும். ஹைப்ரிட் என்றாலும் ஸ்போர்ட்ஸ் கார்தான். இரண்டு கதவு, ஆறு கியர், தரையோடு ஒட்டின உடம்பு. எடுத்த கையோடு 17 அங்குல அலோய் வீலும் வாங்கினான். பின் சில்லுக்குச் சரியாக ஏறியது. முன் சில்லில் வீலின் கம்பி பிரேக் கலிப்பரில் உரசியது. விற்ற கடையில் 10 மி.மீ. தடிப்பில் இரண்டு அலுமினியத் தட்டுகளைக் கொடுத்து, "இதை இடையில் வைத்து இறுக்குங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். உரசல் நின்றது. சில்லும் மட்கார்டுக்கு நேராக வெளியே வந்து அழகாக நின்றது. நாங்களும் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்றோம். அது எங்களுடைய பிழை.

இரண்டு கிழமைக்குப் பிறகு தாத்தாவை, அதாவது அவனுடைய உம்மாவை, கொழும்புக்குக் கிளினிக் கூட்டிப் போனோம். தாத்தா முன் சீற்றில். பின் சீற்றில் முழங்கால் நாடியில் முட்ட நாங்கள். கொக்மாதுவயில் அதிவேகப் பாதையில் ஏறி வேகம் 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. "ரோட்டில் ஏதோ" என்றான். ரோட்டில் ஒன்றுமில்லை. வேகத்தைக் குறைத்து வெலிபென்ன தரிப்பிடத்தில் நிறுத்தி ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தால், முன் இடது சில்லில் இரண்டு நட் தளர்ந்திருந்தது. தாத்தா காருக்குள் இருந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். அவருக்கு நாங்கள் சொல்லவில்லை.

இறுக்கிக்கொண்டு மெதுவாகப் போய் அடுத்த வாசலில் இறங்கினோம். பக்கத்தில் ஒரு டயர் கடையில் சில்லைக் கழற்றச் சொன்னோம். அங்கே வேலை செய்த பாஸ் ஒரு நட்டைக் கையால் திருகிக் காட்டி, "சேர், எண்ணுங்க" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகு கொஞ்சம் திரும்பி இறுகிவிட்டது. தட்டை எடுத்துவிட்டு அதே வீலை மாட்டி எண்ணினோம். பத்து சுற்று.

கணிதம் படிப்பிக்கிற எங்களுக்கு இதை ஒருவர் எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது. இந்தக் காரின் ஸ்டட் 12 மி.மீ. விட்டம். நட் ஒரு முழுச் சுற்றுக்கு 1.5 மி.மீ. முன்னே போகும். 10 மி.மீ. தட்டு வைத்தால் 10ஐ 1.5ஆல் வகுக்க 6.67. பத்து சுற்றில் ஆறரைக்கு மேல் தட்டு தின்றுவிட்டது. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளத்துக்காவது நட் ஏறியிருக்க வேண்டும் என்பது கராஜ்காரர்கள் பார்க்கும் கணக்கு. 12 மி.மீ. என்றால் எட்டுச் சுற்று. நாங்கள் மூன்றே காலில் தாத்தாவை ஏற்றிப் போயிருக்கிறோம்.

நடுக்கத்துக்குக் காரணம் வேறு. ஹப்பின் நடுவில் ஒரு வட்ட உதடு இருக்கிறது. வீலை நடுவில் பிடிப்பது அதுதான். ஹொண்டாவில் அதன் விட்டம் 64.1 மி.மீ. எங்களுக்குத் தந்த தட்டு எல்லாக் காருக்கும் போடுகிற வகை, சல்லடை மாதிரி ஓட்டை, நடு வட்டமும் பெரிது. அது அந்த உதட்டை முழுதாக மூடிவிட்டது. பிறகு வீல் நடுவில் நிற்பது நட்டுகளின் தயவில்தான். ஒரு நட் முந்தி இறுகினால் வீல் ஒரு பக்கம் சாயும். எத்தனை தடவை பாலன்ஸ் செய்தாலும் அந்த நடுக்கம் போகாது.

அன்று கிளினிக் தவறியது. மச்சான் வேனில் பழைய சில்லுகளைக் கொண்டுவந்தார். "பழைய நட்டையும் கொண்டு வாங்க" என்று பாஸ் போனில் சொல்லச் சொன்னார். ஹொண்டாவின் சொந்த வீலுக்கு உருண்டை முகமுள்ள நட், வெளியில் வாங்கும் வீலுக்குக் கூம்பு முகம். மாறிப் போட்டால் அதுவும் தளரும்.

வீட்டுக்கு வந்து ஆறுதலாக இருந்து கதைத்தோம். ஸ்பேஸரே வேண்டாம், பழைய வீலே போதும் என்பதுதான் எங்கள் முதல் யோசனை. மருமகன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, எவ்வளவு தேவை என்று முதலில் அளப்போம்" என்றோம். பள்ளிக்கூடத்துக் களி கொஞ்சம் எடுத்துக் கலிப்பரில் ஒட்டி, 5 மி.மீ. தட்டு வைத்து வீலை மாட்டிக் கையால் சுற்றினோம். கழற்றிப் பார்த்தால் 4 மி.மீ. களி மிஞ்சியிருந்தது. அதாவது இடைவெளி போதும். 10 மி.மீ. ஒருநாளும் தேவைப்படவில்லை. கடையில் அளக்கவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

அவனுடைய கூட்டாளி ஒருவன் 20 மி.மீ. போடச் சொன்னான். அதில் தட்டு ஹப்போடு தனியாக இறுகும், வீல் தட்டின் சொந்த ஸ்டட்டில் இறுகும். நட் கணக்கில் பிழையில்லை. ஆனால் முன் சில்லுகள் இரண்டும் சேர்ந்து 40 மி.மீ. அகலும். இந்தக் காரில் இழுப்பதும் முன் சில்லு, திரும்புவதும் முன் சில்லு. சில்லு வெளியே போகப் போக, குழியில் விழும்போது ஸ்டியரிங்கைப் பிடுங்கும் பலம் கூடும், பெயரிங்குக்குச் சுமை கூடும், முழுதாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசும். அழகுக்காக அவ்வளவு வேண்டாம் என்று அவனே சொன்னான். அல்ஹம்துலில்லாஹ்.

கடைசியில் நடு வட்டம் 64.1 உள்ள 5 மி.மீ. தட்டு எடுத்தோம். அதற்கு வெளியேயும் ஹப்பின் உதடு தெரிந்தது. வீலின் பெரிய ஓட்டைக்கு வளையம் போட்டு அந்த உதட்டில் உட்கார வைத்தோம். ஆனால் 5 மி.மீ. கூட மூன்று சுற்றுக்கு மேல் தின்னும். மிஞ்சுவது ஆறேமுக்கால்கூட இல்லை. ஆகவே பஞ்சிகாவத்தையில் தேடி 10 மி.மீ. நீளம் கூடிய ஸ்டட் வாங்கி, ஹப்பில் அழுத்திப் பொருத்தினோம். நட்டும் இரு பக்கம் திறந்தது. மூடிய நட் என்றால் நீளமான ஸ்டட் உள்ளே முட்டி, வீலைப் பிடிக்காமலே இறுகினது போல் காட்டும். இப்போது பதின்மூன்று சுற்று. டோர்க் ரென்சால் 108 நியூற்றன் மீற்றருக்கு இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்பவும் பார்த்தோம்.

ஸ்பேஸர் போட்டிருக்கிற பிள்ளைகளே, இன்று ஒரேயொரு நட்டைக் கழற்றித் திரும்பக் கையால் ஏற்றி எண்ணிப் பாருங்கள். ஹொண்டா, மஸ்டாவில் எட்டுக்குக் குறையக்கூடாது. நிசான், சுஸுகி, சுபாருவில் சுற்று ஒன்றுக்கு 1.25 மி.மீ.தான், ஆகவே பத்து வேண்டும். குறைந்தால் அன்றைக்கே தட்டைக் கழற்றுங்கள். முடியாவிட்டால் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து அளப்போம்.

தாத்தாவுக்குப் பிறகு எல்லாம் சொல்லிவிட்டோம். போன கிழமை கிளினிக் போக ஏறும்போது கேட்டார்: "மகன், எண்ணிட்டியா?"