பேரு பச்சை... பானை மஞ்சள்!

சீனாவில் ஜியாங்சு மாகாணம், தாய்ஹூ ஏரிக்கு மேற்குக் கரை... அங்கேதான் இருக்கிறது யீசிங். நான்ஜிங்கிலிருந்து ஹாங்சோ போகும் அதிவேக ரயில் இங்கே நிற்கும். டீ ரசிகர்கள் இறங்கினதும் கிளம்புவது பக்கத்தில் இருக்கும் டிங்ஷூ டவுனுக்கு. எங்கே திரும்பினாலும் டீபாட்தான் பாஸ்!

கடையில் ஒரே சைஸில், ஒரே ஷேப்பில் ரெண்டு டீபாட். ஒன்று சல்லிசு. இன்னொன்றின் விலையைக் கேட்டால் தலை சுத்தும். செய்த கை ஒரு காரணம். இன்னொரு காரணம், மண்!

இந்த மண்ணுக்குப் பெயர் ஸிஷா. 'ஊதா மணல்' என்று அர்த்தம். ஆனா, பூமியிலிருந்து எடுக்கும்போது இது மண்ணே இல்லை... கல்லு! வெட்டியெடுத்து, வெயில் மழையில் போட்டுவைத்து, தானா உதிர்ந்ததும் இடித்துச் சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து ஊறப்போடுவார்கள். நல்ல மண் வருஷக்கணக்கில்கூட ஊறும்.

இதில் மூணு குடும்பம் உண்டு. முதலாவது ஸினி. சுட்டால் ஊதா கலந்த பழுப்பு. அதிகம் புழங்குவது இதுதான். அடுத்தது ஹொங்னி, சிவப்பு. இந்த வகையறாவில் ஜூனின்னு ஒரு விஐபி இருக்கார். ரொம்ப நைஸான மண். சூளையில் ஏகத்துக்கும் சுருங்கும், விரிசல் விடும். அதனாலேயே ஜூனி பானைகள் பெரும்பாலும் குட்டியூண்டு! மூணாவது லூனி. பேருக்குப் பச்சை மண். சூளையை விட்டு வெளியே வந்தால் வெளிர் மஞ்சள்!

எல்லாம் மண்ணில் இருக்கும் இரும்பும் சூளைச் சூடும் சேர்ந்து செய்யும் வேலை. சூடு கொஞ்சம் ஏறினாலும் அதே மண் வேறு நிறம் காட்டும். ஆக, கலரை மட்டும் பார்த்து மண்ணைச் சொல்ல முடியாது.

சக்கரத்தில் சுற்றிச் செய்வதில்லை. மரக்கட்டையால் மண்ணைத் தகடாகத் தட்டி, வளைத்து ஒட்டுகிறார்கள். மேலே பளபளப்புப் பூச்சும் கிடையாது. நுண்துளைகளில் டீ வாசனை தங்கிவிடும் என்பதால், ஒரு பானைக்கு ஒரே வகை டீதான். சோப்பு போட்டுக் கழுவினால் போச்சு!

நல்ல கல் கிடைத்த இடம் ஊரை ஒட்டிய ஹுவாங்லொங் மலை. 'மஞ்சள் டிராகன்'னு அர்த்தம். அங்கே சுரங்கத்தை மூடிப் பல வருஷமாச்சு. பழைய கல்லைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு மவுசு. இந்த கேப்பில் டூப்ளிகேட்டும் நுழைந்தது. சாதா மண்ணில் ரசாயனத்தைக் கலந்து ஸிஷா என்று விற்பதை 2010-ல் சீன அரசுத் தொலைக்காட்சியே போட்டு உடைத்தது. நஷ்டம், நேர்மையாகத் தொழில் செய்த குயவர்களுக்கும்தான்.

அதனால, பளீர் நீலம், பளீர் பச்சைன்னு டீபாட் கண் சிமிட்டினா உஷார். நிறமிப் பவுடர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். 'என்ன கலர்ல இருக்கு?'ன்னு கேட்காதீங்க. 'எந்தக் கல்லுல செஞ்சது?'ன்னு கேளுங்க. விஷயம் தெரிந்த கடைக்காரர்னா, பதில் சொல்வதற்கு முன்னாடி உங்களுக்கு ஒரு டீ ஊத்துவார்!